ஞாயிற்றுக்கிழமை மாற்றிய பிரேக் கேபிள்

பிரியமுள்ள ஞானதாஸ் அத்தானுக்கு,

பிரியமுள்ள என்று எழுதிவிட்டு அந்த வார்த்தையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடிக்கவில்லை. பிரியம் இருந்தது நிஜம். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா சாப்பிடுகிறாள், சபைக்குப் போகிறாள், சில நாள் பேசுகிறாள். வண்டி நிற்கிற ஷெட்டில் ரெண்டு ஓடு காற்றில் போய் மழைத்தண்ணி உள்ளே விழுந்தது, மாற்றிவிட்டேன். உங்கள் வண்டியைத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒருநாள் கிக்கரை உதைத்து ஐந்து நிமிஷம் ஓடவிடுகிறேன். மூன்றாவது உதையில்தான் பிடிக்கிறது. ‘எப்போதும் முதல் உதையில்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காலத்தில் அத்தான் அது முதல் உதையில் பிடித்தது?

இந்தக் கடிதம் பத்திரிகையில் நீங்கள் மாதாமாதம் எழுதிய பக்கத்தில்தான் வரப்போகிறது. ஆசிரியர் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, “‘கை படாத வண்டி’க்குக் கடைசியாக ஒன்று நீங்களே எழுதித் தாருங்கள், மச்சினர் எழுதினால் நன்றாயிருக்கும்” என்றார். நன்றாயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. உங்களை அறியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உங்களிடம் சொல்லவேண்டி வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் அக்கா லலிதாவைக் கட்டியவர். நெய்யாற்றின்கரையில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. நான் பாறசாலையில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். நீங்களும் நானும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வண்டி வாங்கினோம். ஒற்றை சிலிண்டர், கனத்த வண்டி, நெடுந்தூரம் போகிறவர்கள் விரும்பி வாங்குவது. கம்பெனி பேரை எழுதவில்லை, ஏனென்றால் வண்டிமேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

எத்தனை ஊர் போனோம்! கொடைக்கானல், ராமேஸ்வரம், வயநாடு, ஒருமுறை கோவா வரை. நீங்களும் அக்காவும் முன்னால், நான் தனியாகப் பின்னால். ஆரல்வாய்மொழிக் கணவாயில் குறுக்குக் காற்று அடித்து லாரிக்காரர்களே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிற இடத்தில், நீங்கள் வண்டியைக் காற்றின் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு ஒரே கோட்டில் போவீர்கள். அக்காவின் சேலைத் தலைப்பு படபடக்கும், வண்டி அசையாது. உங்களைப்போல ஓட்டுகிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை. கசப்போடு எழுதுகிற கடிதத்திலும் அதைச் சொல்லாமல் விட முடியாது.

எழுதவும் உங்களுக்குத் தெரியும். அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு, அங்கே கைப்பிடி நடுங்காது, வண்டியை அங்கேயே வைத்துக்கொண்டால் மதுரை போய் இறங்கும்வரை விரல் மரத்துப்போகாது என்று எழுதினீர்கள். தார் மாறுகிற இடத்தை டயர் சத்தத்திலேயே சொல்லலாம் என்று எழுதினீர்கள். மழையில் நனைந்த ரப்பர் இலைமேல் பிரேக் பிடிக்கும்போது வலது கையின் ரெண்டு விரல் மட்டும் எப்படி வேலை செய்யவேண்டும் என்று ஒரு மாதம் முழுப் பக்கமும் எழுதினீர்கள். எல்லாம் சத்தியம். இன்றைக்கும் நான் அந்த அறுபத்திரண்டில்தான் போகிறேன்.

பிறகு வந்தது உங்கள் விரதம். ஒரு வண்டி எத்தனை காலம் தாங்கும் என்று தெரியவேண்டுமானால் அதில் கை வைக்கக்கூடாது. எண்ணெய், டயர், பிளக் தவிர கம்பெனி போட்ட எதையும் அது தானாகச் சாகும்வரை மாற்றக்கூடாது. அப்படி ஓட்டி மாதாமாதம் கணக்குச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தீர்கள். பேரே ‘கை படாத வண்டி’.

அன்றைக்கே நான் கேட்டேன், நினைவிருக்கிறதா?

“அத்தான், எஞ்சினு நின்னா ரோட்டோரத்துல ஒதுக்கலாம். பிரேக்கு செத்தா அத மாத்த யாரு மிச்சம் இருப்பா?”

“எலே மக்கா, ஸ்பானர் கையில இல்லேன்னா உனக்கு ஒறக்கம் வராது. இது கம்பெனி போட்டதாக்கும். நீ சும்மா இரி.”

சும்மா இருந்திருப்பேன், நீங்கள் தனியாகப் போகிறவராயிருந்தால். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது என் அக்கா. அம்மாவும் அப்பாவும் போனபிறகு எனக்கென்று இருக்கிற ஒரே ஆள். பொன்முடி இறக்கத்தில் இருபத்திரண்டு வளைவிலும் உங்கள் முதுகை நம்பி உட்கார்ந்திருந்தாள். அவள் நம்பிய முதுகுக்கு முன்னால் இருந்த கேபிளில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்திருந்தேன்.

நம் பக்கத்தில் ஒரே வீட்டில் ஒருத்தர் அம்மன் கோவிலுக்கும் ஒருத்தர் சபைக்கும் போவது புதிதில்லை. அக்கா உங்களைக் கட்டியபிறகு சபைக்குப் போனாள், நான் கோவிலோடு நின்றேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குச் சும்மா கிடந்தது. நீங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவர், அரைமணி முன்னாலேயே நடந்து போய்விடுவீர்கள். வண்டி ஷெட்டில் நிற்கும், ஷெட்டுச் சாவி வெளியே ஆணியில் தொங்கும். மேட்டில் இருக்கிற சபையின் ஒலிபெருக்கி உங்கள் வீட்டு முற்றம் வரை கேட்கும். அதுதான் எனக்குக் கடிகாரம். முதல் பாட்டு கேட்டதும் முன்சக்கரத்தைக் கழற்றுவேன். வேதபாடம் வாசித்து போதகர் ஐயர் பிரசங்கம் ஆரம்பித்தால் நிதானமாக வேலை செய்யலாம். காணிக்கைப் பாட்டு கேட்டால் எல்லாம் பூட்டியிருக்கவேண்டும். ஒரு வேதாகமப் பரீட்சை வைத்தால் நான் பாஸாகிவிடுவேன் அத்தான், அத்தனை பிரசங்கம் உங்கள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து கேட்டிருக்கிறேன்.

உதிரிகளை நெய்யாற்றின்கரையில் வாங்கினால் உங்கள் காதுக்கு வரும் என்று எல்லை தாண்டி மார்த்தாண்டத்தில் வாங்குவேன். பிரேக் கேபிளுக்குப் பழைய உறையை அப்படியே வைத்துக்கொண்டு உள்கம்பியை மட்டும் மாற்றுவேன். முனையில் ஈயம் பற்றவைத்து, அந்தப் பளபளப்பு தெரியாமலிருக்கப் பழைய கிரீஸில் ரோட்டுப் புழுதியைக் குழைத்துப் பூசுவேன். ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க வண்டிகளின் அழுக்கை எடுக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் புதுச் சாமானுக்கு அழுக்குப் பூசிக்கொண்டிருந்தேன். பிரேக் ஷூ ரெண்டு தரம், கேபிள் மூன்று தரம், கிளட்ச் பிளேட் ஒரு தரம், செயின் ஒரு தரம். கழற்றிய பழசையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. எறிய மனம் வரவில்லை.

நீங்கள் மாதாமாதம் எழுதினீர்கள். ‘முன் பிரேக் கேபிள் இன்னும் முதல் நாள் போட்டதே. பழகப் பழக லிவரின் பிடி இளகி வருகிறது.’ வாசித்து நான் சிரித்தேன். இளகாமல் என்ன செய்யும், புதுக் கம்பியல்லவா! உங்களை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் வருத்தமும் இருந்தது. கடிதங்கள் வந்து குவிந்தன. காட்டாக்கடையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆட்கள் வண்டியைப் பார்க்க வந்தார்கள். நீங்கள் கேபிளைத் தொட்டுக் காட்டுவீர்கள், அவர்கள் என் அழுக்கைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

அதோடு போயிருந்தால் சரி. ஒரு மாதம் இப்படி எழுதினீர்கள்: ‘அதே வாரம் வாங்கிய என் மச்சினன் வண்டி இதுவரை நாலு கேபிளைத் தின்றுவிட்டது. வண்டியில் கோளாறு இல்லை, கோளாறு அவன் கையில். ஸ்பானர் மச்சினன் உள்ள வீட்டில் வண்டி வாங்காதீர்கள்.’

ஸ்பானர் மச்சினன்! மறுவாரமே பாறசாலை ஜங்ஷனில் அது என் பேராகிவிட்டது. வண்டி விட வருகிறவர்களே, “அண்ணா, சொன்னத மட்டும் நோக்கினா போதும், வேற ஒண்ணும் தொடாண்டாம்” என்று சிரித்தார்கள். நான் அக்காவிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. நாலு மாதம் போகவில்லை. கிடந்து படட்டும் என்றுதான் இருந்தேன், மறைப்பானேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீஸ் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழவில்லை. வண்டியில் போய்த்தான் சாவான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஏமாந்தார்கள். கல்லறைத் தோட்டம் வரை பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு முப்பது நாற்பது வண்டிகள் முதல் கியரில் வந்தன. நான் நடந்து வந்தேன். உங்கள் கேபிள் அல்ல உங்களைக் கொன்றது என்ற நிம்மதியில் நடந்தேன். அழுகையோடு நிம்மதி. அப்படி ஒரு நிம்மதியை எனக்கு வைத்துவிட்டுப் போனீர்கள்.

நினைவு ஜெபத்துக்கு ஆரியங்கோட்டிலிருந்து ஒருத்தன் வந்தான். சுகுமாரன் என்று பேர், ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிறவன். நம் வண்டியேதான் வைத்திருக்கிறான். பின்னால் அவன் பெண்டாட்டி, அவள் மடியில் ஒரு கைக்குழந்தை. மலையாளத்தில் படித்தவன், உங்கள் பக்கத்தை வாசிப்பதற்காகவே தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டானாம். அதைச் சொல்லும்போது அவன் கண் நிறைந்தது. “சார் எழுதினபோலத்தான் அண்ணா, நானும் ஒண்ணும் தொட்டதில்ல” என்றான்.

அவன் வண்டியின் பிரேக் லிவரைப் பிடித்துப் பார்த்தேன். முனையில் ரெண்டோ மூன்றோ இழைதான் மிச்சம். மற்றதெல்லாம் அறுந்து விரிந்து நிற்கிறது.

“சுகுமாரா, இத இப்பமே மாத்தணும். ஒர்க்‌ஷாப்புக்கு வா, பத்து நிமிஷம்.”

“அண்ணன் கோபிக்க வேண்டா. அண்ணனப் பத்தி சார் எழுதினத வாசிச்சிட்டுண்டு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். “மழை விட்டா இவளையும் கூட்டிட்டு பொன்முடி போகணும். சார் போன வழியாக்கும்.”

அந்தப் பெண்ணும் சிரித்தாள். உங்கள் எழுத்து என்னைக் கட்டிப்போட்டிருந்தது அத்தான். உலகத்தில் எவன் சொன்னாலும் அவன் கேட்டிருப்பான், ஸ்பானர் மச்சினன் சொன்னால் கேட்கமாட்டான். பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு ஆரியங்கோட்டுக்கே போனேன். தேய்ந்த ஷூவையும் அறுந்த கம்பியையும் அவன் முன்னால் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில், “இது சாரோட வண்டியிலுள்ளதுன்னு யாரு கண்டது அண்ணா?” என்றான். நியாயமான கேள்விதானே? திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் அக்கா உங்கள் நோட்டை எடுத்துத் தந்தாள், கடைசிப் பக்கத்துக்கு உதவும் என்று. எண்ணெய்க் கறை பிடித்த அந்த நீல அட்டை நோட்டு. அவள் திறந்து பார்த்ததில்லை. “எனக்கு அதுல என்னத்த மனசிலாவும்” என்றாள். ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து வாசித்தேன்.

‘ஞாயிறு. முன் பிரேக் லிவர் இளகியிருக்கு. உள்கம்பி புதுசு. பழைய உறை. அழுக்கு பூசியிருக்கான். நல்ல வேலை.’

‘ஞாயிறு. பின் பிரேக் ஷூ மாத்தியிருக்கான். செயினும் இழுத்துப் போட்டிருக்கான்.’

எல்லாம் இருந்தது. நான் செய்த ஒவ்வொன்றும் உங்கள் அழகான கையெழுத்தில். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! தார் மாறுவதை டயர் சத்தத்தில் சொல்கிற மனுஷனுக்கு, தன் பிரேக் லிவர் மாறியது தெரியாது என்று நினைத்து மூன்று வருஷம் புழுதி குழைத்திருக்கிறேன். தெரிந்துகொண்டே அந்த மாதம் ‘பழகப் பழக இளகி வருகிறது’ என்று எழுதினீர்கள். தெரிந்துகொண்டே என்னை நாடறியக் கேலி செய்தீர்கள். உங்கள் பேருக்காக நான் ஒளிந்து உழைத்தேன், அந்தப் பேரை வைத்தே என் வாயை அடைத்தீர்கள். ஒருநாளாவது ஷெட்டுக்குள் வந்து, “எலே, போதும், எனக்குத் தெரியும்” என்று சொல்லியிருக்கக்கூடாதா? நான் என்ன கேட்டேன் உங்களிடம்?

கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். நான் கோபித்துக்கொண்டு போகாமலிருந்த நாலு மாதம்.

‘ஞாயிறு. வரல.’

‘ஞாயிறு. இன்னைக்கும் வரல.’

அதற்குக் கீழே: ‘இனி லலிதா பஸ்ஸில் வரட்டு. பின்னால ஏத்த வேண்டாம்.’

அந்த வரியை ரெண்டாம் தரம் வாசித்தேன் அத்தான். என் கை படாத வண்டி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அக்காவைப் பத்திரமாக பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். அதே மாதம் ஊருக்கு என்ன எழுதினீர்கள் தெரியுமா? எடுத்துப் பார்த்தேன். ‘நம்பி ஏறுங்கள், குடும்பத்தோடு ஏறுங்கள்.’ உங்கள் பெண்டாட்டியை இறக்கிவிட்ட சீட்டில் சுகுமாரன் பெண்டாட்டியை ஏறச் சொன்னீர்கள். அதை எழுதும்போது உங்கள் கை நடுங்கியதா? நடுங்கவில்லை என்றால் நான் உங்களை அறியவே இல்லை.

நோட்டோடு வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து பொழியூர் மீன்காரி கொண்டுவந்த சாளை மீனை அரிந்துகொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றதும் அவள் கத்தி நின்றது.

“எழுதாண்டாம் மணியா. செத்த மனுசன். சபையில எல்லாரும் வாசிப்பாவ.”

“நீ இத வாசி அக்கா.”

மீன் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ‘வரல, வரல’ என்ற இடத்தில் விரலை வைத்து வாசித்தாள். பஸ் என்ற இடம் வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“சீட்டு ஸ்பிரிங்கு போச்சு, நடுமுதுகு வலிக்கும்னு சொன்னாவ,” என்றாள். “நான் தடிச்சுப்போனேன், கூட வச்சுட்டுப் போவ அவியளுக்கு நாணமாக்கும்னு நெனச்சேன். நாலு மாசம் பஸ்ஸுல இருந்து அதையே நெனச்சேன்.”

அவள் அழுதாள். உங்கள் அடக்கத்தில்கூட அப்படி அழவில்லை. உங்கள் பிரியம் அதில் இருந்தது, அது அவளுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அதை வைத்து உங்களை மன்னித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன்.

அக்காதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அந்த ஆரியங்கோட்டுப் பெண்ணு இப்பமும் அவன் பின்னால இருக்காளா?”

“உண்டு. மடியில பிள்ளையும் உண்டு.”

“அப்பம் எழுது.” மீன் சட்டியை நகர்த்தி வைத்தாள். “ஞாயித்துக்கெழம ஷெட்டு சாவிய வெளிய ஆணியில தொங்கப்போட்டது ஆருன்னு நெனச்ச? நானாக்கும். அதையும் எழுது.”

ஆக, மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஒரே குடும்பமாக இருந்துகொண்டு மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. என் கோபத்தில் எனக்கே ஒரு பங்கு உண்டு அத்தான். பூசின அழுக்கு என் அழுக்கு. அந்தப் புழுதியைப் பார்த்துத்தான் சுகுமாரன் போன்றவர்கள் நம்பினார்கள்.

உங்கள் நோட்டிலிருந்து ரெண்டு பக்கத்தை இந்தக் கடிதத்தோடு அச்சடிக்கச் சொல்லி ஆசிரியருக்கு அனுப்புகிறேன். வாசிக்கிறவர்களே, கையெழுத்து அவருடையது, என்னை நம்பவேண்டாம், அவரை நம்புங்கள். இப்போதே எழுந்து போய் உங்கள் முன் பிரேக் லிவரை இழுத்து, கேபிளின் முனையைப் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள்.

மழை விடுகிற மாதிரி இருக்கிறது, விட்டால் சுகுமாரன் பொன்முடிக்குக் கிளம்பிவிடுவான். பத்திரிகை வந்துசேரும்வரை பொறுக்க அக்கா சம்மதிக்கவில்லை. அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஷெட்டுக்கு வருகிறேன். காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் அவசரப்பட்டு முடிக்கப்போவதில்லை. ஆராதனை விட்டு எல்லாரும் இறங்கி வரும்போது வண்டியை முற்றத்தில் நிறுத்தி, அவர்கள் பார்க்க, முன்னும் பின்னும் பிரேக்கை மாற்றுவேன். கேபிளை உறையோடு மாற்றுவேன். பளபளவென்று இருக்கட்டும். பிறகு அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆரியங்கோட்டுக்குப் போவேன். டின்னும் நோட்டும் அவள் மடியில் இருக்கும். நான் பேசமாட்டேன். எந்த சீட்டில் ஏறவேண்டாமென்று நீங்கள் அவளைத் தடுத்தீர்களோ, அந்த சீட்டிலிருந்து இறங்கி, ஏன் தடுத்தீர்கள் என்று அவளே அந்தப் பெண்ணிடம் சொல்வாள்.

அந்தப் பெண் தன் வீட்டுக்காரனின் சாவியை எடுத்து என் கையில் தரும்வரை உங்களை மன்னிக்கமாட்டேன். தந்தபிறகு யோசிக்கிறேன்.

உங்கள் வண்டியில் கை வைத்த,
லலிதாவின் தம்பி, உங்கள் மச்சினன்
மணியன்